சோயாவில் கூடிய ஆறு சதவீதம்

1

இந்தக் கதை ஒரு விளம்பரக் கையேட்டில் பிறந்தது. அதைவிட மேலான பிறப்பு எதுவும் இதற்கு இல்லை. என் தங்கை வேலை பார்க்கும் விதை ஆராய்ச்சி நிலையம் புதிய சோயா ரகம் ஒன்றை வெளியிடுகிறது. புகழ்ந்து நாலு பக்கம் எழுத ஆள் தேடி, எழுத்தாளன் என்று என்னைப் பிடித்தார்கள். எழுதினேன்: "புரதம் பழைய ரகத்தில் 38 சதவீதம், புதியதில் 44 சதவீதம்*."

2

கதைக்கான தொடக்கங்கள்:

"காலை வெயிலில் சோயாப் பூக்கள் சிரித்..." (வேண்டாம். சோயாப் பூவை நான் பார்த்ததே இல்லை.)

"நிலையத்தின் இயக்குநர் ஒரு மாமனிதர்." (இதைக் கையேட்டில் எழுதிவிட்டேன். ஒரே பொய்யை இரண்டு இடத்தில் விற்பதில்லை.)

நடந்தது இதுதான். ஆறு வருஷம் என் தங்கை இடுக்கியும் கையுமாகக் குனிந்து, ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொரு செடியின் பூவில் தடவித் தடவி இந்த விதையை உருவாக்கினாள். புரதம் அளந்ததும் அவள்தான்.

3

இயக்குநர் பாத்திரம் சரியாக வரவில்லை. அவர் பேசியதை அப்படியே எழுதினால் மிகை என்பீர்கள்.

தங்கை புதிய விதையை ஈரம் போக உலர்த்தி அளந்திருந்தாள். பழைய ரகத்தின் 38, எந்தக் காலத்திலோ ஈரத்தோடு அளந்து பதிவேட்டில் எழுதியது. எடையில் தண்ணீரும் சேர்ந்தால் புரதத்தின் பங்கு குறைந்துதானே தெரியும்.

"சார், பழசையும் உலர்த்தி அளந்துட்டேன். நாப்பத்து மூணே முக்கால் வருது."

"பதிவேட்டுல முப்பத்தெட்டுன்னு இருக்கேம்மா. பதிவேட்டை விட நீ பெரிய ஆளா?"

அவள் வாதாடவில்லை. கையேட்டுக்கான புரத அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் உண்மையை ஒரு வரியாகச் சேர்த்து எனக்கு அனுப்பினாள்.

அந்த வரியை எடுத்தது இயக்குநர் என்று எழுத எனக்குக் கை அரிக்கிறது. எடுத்தது நான். அந்த வரி பக்கத்தின் அழகைக் கெடுத்தது.

4

அச்சுக்குப் போகும் முன் அவள் கையேட்டைப் பார்த்தாள்.

"அண்ணா, நான் எழுதின வரி எங்க?"

"பொடி எழுத்தை எல்லாம் யாரு படிக்கப் போறா?"

"இந்த விதை விளைச்சல்ல அஞ்சுல ஒரு பங்கு கம்மி. புரதம் கூடுதல்னு நம்பித்தானே வாங்கி விதைப்பாங்க? அதுவும் இல்லைன்னா?"

"அதைப் போட்டா உன் ஆறு வருஷமும் போச்சு. வேலையும் போகலாம்."

"ஆறு வருஷம் போனது அளந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். எடுத்தவன் நீ. போடறதும் நீதான்."

(இந்த இடத்தில் என் மௌனத்தை அழகாக வருணித்து மூன்று வாக்கியம் வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.)

5

முடிவு ஒன்று: வரியைச் சேர்க்கிறேன், தங்கை வேலையை இழக்கிறாள். முடிவு இரண்டு: சேர்க்கவில்லை, யாரோ ஒருவர் நிலம் நிறைய விதைக்கிறார்.

அச்சகத்துக்காரர் போனில் காத்திருக்கிறார். "மெஷின்ல ஏத்திடலாமா சார்?"

வாசகரே, முதல் பகுதியில் 44-க்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி கிடக்கிறது. வரியை எடுத்த நான் அதை எடுக்க மறந்துவிட்டேன். அதற்குரிய குறிப்பு எங்கே என்று தேடினீர்களா? தேடியிருந்தால் போனை நீங்களே வாங்கிப் பதில் சொல்லுங்கள்.

தேடவில்லை என்றால் விடுங்கள். உங்களை நம்பித்தான் அந்த வரியை எடுத்தேன்.