யார் வீட்டுச் சொல்

கடை வாசல் அறிவிப்புப் பலகையில் தன் பெயரைப் பார்த்ததும் ரௌனிக்குச் சுர்ரென்று ஏறியது. காணாமல்போன பூனைக்கும் விலைக்கு வந்த வலைக்கும் நடுவில், கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது: ‘சனிக்கிழமை ரௌனி வீட்டில் தல்கோத். விறகு பிளக்க வேண்டும். கோடாரி உள்ளவர்கள் கொண்டுவரவும்.’ கோழி கிளறிய மாதிரி எழுத்து. பக்கத்து வீட்டுப் போர்யேயைத் தவிர இந்த ஃபின்னிஷ் தீவில் வேறு யாருக்கும் அப்படி எழுத வராது. போர்யே உள்ளே கல்லாவருகில் காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

“யாரைக் கேட்டு எழுதினே?”

“யாரையும் கேக்கல. கேட்டா வேணாம்பே. எதுக்கு வாயை வீணாக்கணும்?”

“எனக்கென்ன, கை கால் விளங்காமயா போச்சு?”

“ஆபரேஷன் பண்ணி இடுப்பு மூட்டையே மாத்தி வச்சிருக்காங்க. கோடாரி தூக்கறதுக்கா மாத்தினாங்க?”

கடைக்காரி சிரிப்பை அடக்கிக்கொள்ள ரொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரௌனி வாங்க வந்த பட்டாணியை வாங்கிக்கொண்டு, கதவை ஓங்கிச் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

தீவில் எந்த வீட்டுக்குத் தல்கோத் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவள் ரௌனி. ஒரு வீட்டு வேலையை ஊரே சேர்ந்து முடித்துக் கொடுத்துவிட்டு, அந்த வீட்டுச் சூப்பைக் குடித்துவிட்டு வருவதுதான் தல்கோத். கூலி என்ற பேச்சை எடுத்தால் சண்டைக்கு வருவார்கள். தபால் படகு ஓட்டிய காலத்தில் வேலை முடிந்த கையோடு, சீருடையைக்கூட மாற்றாமல் ஆணி அடிக்கப் போனவள் அவள். ஆனால் அவள் வீட்டு வாசலில் இதுவரை ஒரு தல்கோத் நடந்ததில்லை. நடக்க அவள் விட்டதில்லை. இன்றைக்கு விறகு பிளந்து கொடுக்க வருவார்கள், நாளைக்குப் பனி தள்ளிக் கொடுக்க வருவார்கள், அதற்கு மறுநாள் அக்கரை முதியோர் குடியிருப்பில் ஜன்னலோர அறை ஒன்று காலியாக இருப்பதாக இனிக்க இனிக்கச் சொல்வார்கள். அப்படித்தான் ஆரம்பிக்கும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு பேரை அவளே படகில் கொண்டுபோய் அந்தக் கரையில் இறக்கிவிட்டிருக்கிறாள்.

தல்கோத் முடிந்து காப்பிக்கு உட்கார்ந்தால் ஒரு சண்டை நிச்சயம். சொல் யாருடையது என்ற சண்டை. போர்யே வீட்டில் ஸ்வீடிஷ் பேசுகிறவன். அவன் தல்கோ என்பான். ஸ்டாக்ஹோமில் இருக்கும் தங்கையிடம் அதையே சொன்னால் அது என்ன தின்கிற பண்டமா என்று கேட்கிறாளாம். எஸ்தோனியாவிலிருந்து வந்த தச்சன் யூலோவுக்கு அது தல்குத். நீங்கள் எங்களிடமிருந்து கடன் வாங்கிவிட்டுத் திருப்பித் தர மறந்துவிட்டீர்கள் என்பான். ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் வேலை பார்க்கும் லித்துவேனியாக்காரி டைவா, “ரெண்டு பேருமே எங்ககிட்டேருந்து எடுத்ததுதான், எங்க ஊர்ல அது தல்கா” என்பாள். பெலாருசிலும் அதுவே உண்டு, அவர்களும் எங்களுடையது என்கிறார்கள் என்று சிரிப்பாள். எது முதலில் என்று படித்தவர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்களாம். “இது சுத்தமான ஃபின்னிஷ் சொல், பேசாம காப்பியைக் குடிங்க” என்று மேசையைத் தட்டி முடித்துவைப்பவள் எப்போதும் ரௌனிதான். அவள் குரலுக்கு மேல் குரல் அந்த மேசையில் கிடையாது.

பிர்ச் மரத்து இலைகள் எலிக்காது அளவுக்குத் துளிர்த்திருந்த மே மாதம் அது. அந்த வாரம் முழுக்க, விடிந்ததும் ரௌனி கோடாரியை எடுத்தாள். கொஞ்சம் பிளப்பாள், விறகை வைத்துப் பிளக்கும் அடிமரத்துண்டில் உட்காருவாள், மறுபடி எழுவாள். இடுப்பு விண்விண் என்று தெறித்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்தால் முற்றத்தில் ஒரு தடி பாக்கி இல்லை. எல்லாம் பிளந்து, வீட்டுச் சுவரோரம் வரிசையாக அடுக்கியாகிவிட்டது. இரவு பட்டாணியை ஊறப்போட்டாள். வருகிறவர்கள் வரட்டும், பார்க்கட்டும், சூப்பைக் குடித்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அத்தனை வலியிலும் மனசு நிறைந்திருந்தது.

சனிக்கிழமை பத்துப் பன்னிரண்டு பேர் கோடாரியோடு வந்தார்கள். முற்றத்தைப் பார்த்தார்கள். அடுக்கைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“தனி ஆளா தல்கோ நடத்தின ஒரே பிறவி நீதான்” என்றான் போர்யே. அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

“சூப் ரெடி. உக்காருங்க” என்றாள் ரௌனி.

யாரும் உட்காரவில்லை. யூலோ கோடாரியைத் தோளிலிருந்து இறக்கிப் புல்லில் வைத்தான். “வேலை செய்யாம எப்படிங்க சாப்பிடறது? தொண்டையில இறங்காது” என்றான்.

பானை மூடி ஆவியில் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. தான் செய்தது என்னவென்று ரௌனிக்கு அப்போதுதான் உறைத்தது. மற்றவர்கள் முற்றத்தில் அவள் நின்றபோது அவள் கையிலிருந்து யாரும் சுத்தியலைப் பிடுங்கவில்லை. இவர்கள் கையிலிருந்து வேலையை அவள் பிடுங்கிவிட்டாள். வெட்கம் அவள் காது வரைக்கும் சூடாக ஏறியது.

டைவா மெதுவாகச் சொன்னாள். “எங்க பக்கம் தல்கான்னா வேலை மட்டும் இல்லை. வந்து நிக்கிற ஆளுங்களுக்கும் அதேதான் பேரு. அதோ தல்கா வருதுன்னு சொல்லுவாங்க. வந்துட்டோம் இல்ல, அப்புறம் என்ன?”

“வந்தா மட்டும் போதுமா?” என்றான் யூலோ. அவன் கண் சுவரோர அடுக்கின் மேல் போய் நின்றது. மேலே கூரையைப் பார்த்தான். “ஏங்க, கூரைத்தண்ணி மொத்தமும் இங்கதானே ஊத்தும்? காத்தும் படாது. கொட்டகையில அடுக்காம இங்க ஏன் அடுக்கினீங்க?”

கொட்டகை முற்றத்தின் அந்தக் கோடியில் இருந்தது. என் வீடு, என் இஷ்டம் என்ற பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள். எத்தனையோ புயலில் படகைக் கரை சேர்த்தவளுக்கு, உண்மையான இரண்டு வார்த்தையைச் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

“தூக்க முடியல” என்றாள் ரௌனி. “பிளந்துட்டேன். அவ்வளவு தூரம் தூக்கிட்டுப் போக முடியல.”

போர்யே தொப்பியைக் கழற்றிக் கிளையில் மாட்டினான். “அதைச் சொல்றதுக்கு ஒரு வாரமா உனக்கு?” என்றான். முற்றம் முழுக்கச் சத்தம் வந்துவிட்டது. சுவரிலிருந்து கொட்டகை வரை ஒருவர் பின் ஒருவராக, கை மாற்றிக் கொடுக்கத் தோதாக வரிசை கட்டினார்கள். ரௌனி சூப்பைக் கவனிக்க உள்ளே திரும்பினாள்.

“எங்கே போறீங்க?” என்று கத்தினான் யூலோ. “நடுவுல ஓராள் குறையுது.”

உண்மையில் குறைந்தது. டைவா நீட்டினால் யூலோவுக்கு எட்டவில்லை. அடிமரத்துண்டை அவர்களே உருட்டிவந்து அந்த இடைவெளியில் நிறுத்தினார்கள். ரௌனி அதில் உட்கார்ந்தாள். முதல் கட்டை அவள் மடிக்கு வந்தது, ஈரப் பிர்ச் வாசனையோடு. அது அவள் பிளந்ததுதான், வெட்டு நேராக விழுந்திருந்தது. யூலோவும் அதைக் கவனித்தான். “பிளந்தா இப்படிப் பிளக்கணும்” என்று பின்னால் நிற்பவர்களுக்குத் தூக்கிக் காட்டிவிட்டே கொடுத்தான். ரௌனியின் முதுகு தானாக நிமிர்ந்தது.

வரிசை சூடு பிடித்தது. வேலை பாதி போவதற்குள் போர்யே ஆரம்பித்துவிட்டான். சொல் தல்கோதான், உங்கள் ‘த்’ எல்லாம் பிறகு முளைத்த வால் என்றான். யூலோ விடவில்லை. டைவா இரண்டு பேரையும் சேர்த்து வாரினாள். வழக்கம்போல எல்லோரும் ரௌனி பக்கம் திரும்பினார்கள், அவள் தீர்ப்புக்காக. அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் டைவாவின் கையிலிருந்து அடுத்த கட்டை வந்துவிட்டது. இரண்டு கையாலும் வாங்கித் திரும்பி யூலோவிடம் கொடுத்தாள். திரும்புவதற்குள் இன்னொன்று நீண்டிருந்தது.