இருநூற்றுப் பதினாலு பேர்

துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரில், பஹீஜாவின் லப்லபி என்னும் கொண்டைக்கடலை சூப் கடைக்கு எதிரே ஒரு பெண் மூன்று நாளாக மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு நோட்டு. யாராவது கடையைத் தாண்டினால் நிமிர்ந்து பார்ப்பாள், ஒரு கோடு கிழிப்பாள்.

எத்தனை கிண்ணம் கொண்டைக்கடலை போகிறது என்று வேவு பார்க்கிறாள் என்றே பஹீஜாவுக்குப் பட்டது. எதிர் வரிசைக் காபிக்கடை மோன்ஜி ஏவிய ஆளாகத்தான் இருக்கும். தன் கடை வாசல்மேல் அவனுக்கு வெகுநாளாக ஒரு கண்.

நாலாம் நாள் பஹீஜா கையிலிருந்த கரண்டியோடு தெருவைக் கடந்தாள்.

"உன்னை யாரு அனுப்பினது?"

"நகராட்சி, சித்தி. என் பேரு ரீம். தெருவை மாத்திக் கட்டப் போறோம். நடக்க அகலமா இடம், சைக்கிளுக்கு ஒரு வழி, பஸ்ஸுக்குத் தனிப் பாதை."

"அதுக்கு என் கடையை ஏன் முறைக்கிறே?"

"உங்க பெஞ்சும் கேஸ் சிலிண்டரும் நடைபாதையை அடைச்சிருக்கு. எல்லாரும் ரோட்டுல இறங்கித்தான் போறாங்க. நேத்து மட்டும் இருநூத்திப் பதினாலு பேர்."

"புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணும், மகளே."

அந்தப் பொய்யை உடைக்க மறுநாள் தானே எண்ணினாள். இறங்கும் ஆளுக்கு ஒரு கடலை, கிண்ணத்தில். பத்து மணிக்குள் கிண்ணம் நிரம்பிவிட்டது. அப்போது பார்வையில்லாத துஹாமி வந்தார். கோல் சிலிண்டரில் தட்டியது. வழக்கம்போல ரோட்டில் இறங்கினார். பின்னால் வந்த பஸ் கிறீச்சிட்டு அவர் முதுகருகே நின்றது. ஓட்டுநர் வாய்க்கு வந்தபடி ஏசினான். துஹாமி மன்னிப்புக் கேட்டார்.

அவர் ஏன் கேட்க வேண்டும் என்று பஹீஜாவுக்குப் பட்டது. சிலிண்டரை உருட்டி உள்ளே வைத்தாள்.

நகராட்சிக் கூட்டத்தில் அவள் எழுந்தாள். "இந்தப் பொண்ணு எழுதின கணக்கு தப்பு."

மோன்ஜி கைதட்டினான்.

"குறைச்சு எழுதியிருக்கா. நானே எண்ணினேன். சரி ரீம், மோன்ஜி கடை முன்னாடி நடைபாதை மேல நிக்கிற கார்களை மட்டும் ஏன் விட்டுட்டே?"

"அடுத்த பக்கத்துல இருக்கு, சித்தி."

பஹீஜா கண்ணாடி மாட்டி அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்த்த பிறகே உட்கார்ந்தாள்.

எட்டு மாதம் தெரு புழுதியாய்க் கிடந்தது. முடிந்தபோது அவள் பெஞ்சுகளும் இல்லை, மோன்ஜியின் கார்களும் இல்லை. துஹாமி சுவரோரமாக நேரே நடந்து போனார். பஸ் நிறுத்தம் அவள் கடைப் பக்கத்தில் வந்தது. காலையில் கூட்டம் மொய்த்தது.

"ஏன் எங்கிட்ட கொண்டாந்து வெச்சே? இதுல என்ன உள்குத்து?" என்று ரீமிடம் கேட்டாள்.

"ஒண்ணுமில்லே, சித்தி. ஹரிஸாக் காரம் தூக்கலா ஒரு கிண்ணம் குடுங்க."

பஹீஜா அவளை ஏற இறங்கப் பார்த்தபடியே பரிமாறினாள்.