ஃபிரீசரில் ஏறிய உப்பு

டெஸ் ஹாடோ திருடன் இல்லை. தன் வீட்டு மரத்துக் கொட்டையைத் தன் கையால் உடைத்தவன் அதில் ஒரு பிடி தின்றால் அதற்குத் திருட்டு என்று பெயர் கிடையாது என்பது அவர் கட்சி. ஒரு பிடியோடு நின்றிருந்தால் கட்சி ஜெயித்திருக்கும்.

ஜிம்பி என்ற ஊரில் அவர்கள் வீட்டுக் கொல்லையில் மூன்று மெக்கடேமியா கொட்டை மரங்கள். அந்த வருஷம் காய்த்துக் கொட்டியது. ஜூன் மாதம் முழுக்க டெஸ் கராஜில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உடைத்து எட்டுக் கிலோ பருப்பு எடுத்தார். மனைவி நோலாவுக்கு நான்கு, அவள் அக்கா கிளெனிஸுக்கு நான்கு. சண்டை அங்கேதான் தொடங்கியது.

கிளெனிஸ் தன் பங்கைக் கண்ணாடி ஜாடிகளில் போட்டு, சமையலறை ஜன்னலில் வெயில் படும்படி வரிசையாக வைத்தாள்.

“அத்தனையும் எண்ணெய், கிளெனிஸ். வெயில் பட்டா சிக்கு வாடை அடிக்கும். டப்பாவுல இறுக்கி அடைச்சு ஃபிரீசர்ல போடு” என்றாள் நோலா.

“இது என்ன மீனா, ஐஸ்ல போட? வர்றவங்க கண்ணுக்கு அழகா இருக்கட்டும்.”

“கண்ணோட நிறுத்திக்கோ. வாயில வச்சிடாதே.”

கிறிஸ்துமஸ் மதியம் இரண்டையும் ருசி பார்ப்பது, தோற்றவள் வாய்விட்டு ஒப்புக்கொள்வது என்று முடிவாயிற்று.

நோலாவின் டப்பா கராஜ் ஃபிரீசருக்குள் போயிற்று. டெஸ் ஐஸ் எடுக்கப் போனார், ஒரு பிடி. தூண்டிலுக்கு இறால் எடுக்கப் போனார், ஒரு பிடி. எதற்கும் இல்லாமல் சும்மா போனார், இரண்டு பிடி. டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி கையை விட்டபோது டப்பாவில் பதினோரு பருப்பு கிடந்தது.

காரை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைக் கடைக்கு ஓடினார்.

“வறுக்காத மெக்கடேமியா தீர்ந்துபோச்சு. வறுத்து உப்புப் போட்டதுதான் இருக்கு” என்றாள் கடைக்காரி.

வேறு வழியில்லை. வாங்கிவந்து, கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு, துண்டால் உப்பைத் துடைக்க உட்கார்ந்தார். நான்கு கிலோவில் எத்தனை பருப்பு இருக்கும் என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. பாதியில் கை ஓய்ந்துவிட்டது. மிச்சத்தை உப்போடு அப்படியே டப்பாவில் கொட்டி ஃபிரீசருக்குள் தள்ளினார்.

கிறிஸ்துமஸ் காலையில் நோலா டப்பாவை வெளியே எடுத்து வைத்தாள். ஆனால் திறக்கவில்லை. “ஜில்லுன்னு இருக்கும்போதே திறந்தா ஈரம் கோத்துக்கும்” என்றாள். மத்தியானம் வரை அந்த மூடியைப் பார்த்துப் பார்த்தே டெஸ்ஸுக்கு வியர்த்தது.

சாப்பாடு முடிந்ததும் முதலில் கிளெனிஸின் ஜாடி வந்தது. அவளே ஒன்றை மென்றாள். முகம் போன போக்கை மறைக்க முடியவில்லை.

“கொஞ்சம்... முத்தின ருசி.”

“பழைய பெயின்ட் ருசி” என்று துப்பினாள் நோலா.

அடுத்து டப்பா. கிளெனிஸின் கண் விரிந்தது. “அடியே, உப்புக் கரிக்குதே! நிறம்கூடப் பொன்னா இருக்கு!”

நோலா ஒன்றை வாயில் போட்டாள். மெல்லுவதை நிறுத்தினாள். மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். டெஸ் பன்றித் தொடை எலும்பை அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாயைத் திறந்தால் அவர் கதை முடிந்தது. கூடவே அவள் வெற்றியும் முடிந்தது.

“குளிர்ல கிடந்தா உள்ள இருக்கற உப்பு மேல வரும், கிளெனிஸ். இதுகூடத் தெரியாதா உனக்கு?”

“வறுத்த மாதிரி இருக்கே?”

“அதுவும் குளிர்தான்.”

கிளெனிஸ் தோல்வியை ஒப்புக்கொண்டு, வழிமுறையைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனாள்.

கார் தெருமுனை திரும்பியதும் நோலா கேட்டாள். “எத்தனை பிடிய்யா தின்னே?”

“எண்ணலை.”

“அவகிட்ட சொல்லிடட்டுமா?”

“தாராளமா சொல்லு. அப்புறம் ஜெயிச்சது யாரு?”

நோலா பாத்திரம் துடைக்கும் துணியைச் சுருட்டி அவர் மேல் எறிந்தாள். ஆனால் சிரித்துவிட்டாள்.

பிப்ரவரியில் கிளெனிஸ் போன் செய்தாள். “ஃபிரீசர்ல வச்சு ஆறு வாரம் ஆச்சு. எனக்கு இன்னும் உப்பு ஏறலையேடி.”

“பொறு. ஆறு மாசம் ஆகும்.”

“என்ன ஆறு மாசம்? நான் பந்து உருட்டப் போற பௌல்ஸ் கிளப்புல டல்சின்னு ஒருத்தி, அவளுக்கு மூணே வாரத்துல ஏறிடுச்சாம். கிளப் முழுக்க அவ பீத்தல் தாங்கலை!”

போன் பக்கம் காதை வைத்திருந்த டெஸ், சிரிப்பு வெடிக்காமல் வாயைப் பொத்திக்கொண்டு கராஜுக்கு ஓடினார்.