ஆழத்தை யாரும் அளக்கவில்லை

அண்ணன் துணிப்பையின் முடிச்சை அவிழ்த்து என் மேசைமேல் கொட்டிய மண்ணில் ஒரு நத்தை ஓடு கிடந்தது. சுண்டுவிரல் நகத்தளவு இருக்கும், வெள்ளை, முனை உடைந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா போனதற்குப் பிறகு இந்த மண் பரிசோதனைக் கூடத்துக்குள் அவன் நுழைவது இதுதான் முதல் தடவை. என் வீட்டுப் பக்கம் அதுவும் கிடையாது. நேரில் பார்த்தால் வாய் "வாங்கண்ணா" என்றுதான் சொல்லும், வளர்த்த விதம் அப்படி. மனசுக்குள் அவன் 'அவன்' ஆகி வெகுகாலம் ஆகிவிட்டது.

"எலுமிச்சை எல்லாம் நுனி கருகுது. இலை கொட்டுது. உரக்கடைக்காரன் சொன்னதெல்லாம் போட்டுப் பாத்தாச்சு. ஒண்ணும் கேக்கல."

"மனு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. ஆபீசர் பாத்து முறைப்படி சொல்லுவாரு."

"காகிதம் எதுக்கு? கூடப் பிறந்தவ இங்க உக்காந்திருக்க, நான் எவன்கிட்டயோ எதுக்குப் போய் நிக்கணும்? நீ வாயால சொல்லு, போதும்."

கூடப் பிறந்தவ. அந்த வார்த்தை அவனுக்கு இன்றைக்குத்தான் ஞாபகம் வந்திருக்கிறது. மேசைமேல் கிடந்த மண்ணை அள்ளி அவன் மூஞ்சியிலேயே அடிக்கலாமா என்று கை துறுதுறுத்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

இந்த நத்தை ஓடு எனக்குத் தெரிந்ததுதான். எங்கள் மேட்டு நிலம் ஒரு காலத்தில் வெறும் சரளை. பாறை வெயிலில் விரிந்து, குளிரில் சுருங்கி, விரிசலில் மழை இறங்கி, வேர் நுழைந்து, செத்த இலையும் புழுவும் சேர்ந்து மட்கி, ஒரு விரற்கடை மண் உண்டாக எத்தனையோ தலைமுறை பிடிக்கும். அப்பாவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. குளம் வற்றும் ஒவ்வொரு கோடையிலும் அவரும் நானும் வண்டலை வெட்டித் தலையில் சுமந்து மேட்டில் கொட்டினோம். ஆட்டுக் கிடை போட்டோம், தழை மிதித்தோம். வண்டலோடு நத்தை ஓடும் வந்தது. அண்ணன் அப்போதெல்லாம் நிழலில் உட்கார்ந்து எங்களைக் கிண்டல் செய்வான். எனக்குக் கல்யாணமாகும்போது கையை விட்டால் முழங்கைவரை கறுப்பு மண் வந்தது. பிடித்தால் உருண்டையாகும், விட்டால் உதிரும். அந்த மண்ணைப் பார்த்தால் அப்பா முகத்தில் ஒரு களை வரும். மேடு உனக்குத்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்லியும் வைத்தார்.

அப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பக்கத்தில் நான் இருந்தேன். அண்ணனுக்கு நேரமில்லை. ஏன் நேரமில்லை என்பது அவரை அடக்கம் செய்துவிட்டு மேட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது. நிலம் மொட்டையாக இருந்தது. கறுப்பு மண் முழுவதையும் இயந்திரம் வைத்து வழித்துத் தன் பள்ள நிலத்தில் கொட்டி மேடாக்கி, எலுமிச்சை வைத்திருந்தான். எனக்கு மிச்சம் சுண்ணாம்புக் கட்டியும் சரளையும். பாகம் பிரிக்க சர்வேயர் வந்தார், நீளம் அளந்தார், அகலம் அளந்தார். நான் கத்தினேன். "ஒரு அடி குறையுதா பாத்துக்கோ. உன் பங்கு அப்படியே இருக்கு," என்றான் அண்ணன். உறவுக்காரர்கள் தலையாட்டினார்கள். நியாயந்தானே, அளவு சரியாக இருந்தது. ஆழத்தை யாரும் அளக்கவில்லை.

அன்றைக்கு வயிற்றில் பற்றியது அணையவே இல்லை. இங்கே கூடத்தில் மண்ணைத் தண்ணீர் ஜாடியில் கலக்கி வைப்போம். மணல் உடனே அடியில் உட்கார்ந்துவிடும், அப்புறம் வண்டல். களிமண் மட்டும் இறங்காது, நாள்கணக்கில் தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். எனக்கும் அப்படித்தான்.

"மேலாக எடுத்த மண்ணை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுண்ணா. குழி வெட்டிப் பாக்கணும். நானே வர்றேன்," என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. தங்கச்சி எல்லாவற்றையும் மறந்துவிட்டாள் என்று நினைத்திருப்பான்.

விடுமுறை நாளில் போனேன். இடுப்பளவு வெட்டியதும் குழிச்சுவரில் கதை முழுக்கத் தெரிந்தது. மேலே எங்கள் கறுப்பு மண். அதன் கீழே கத்தியால் கீறியதுபோல் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே உப்பு ஊறிய சாம்பல் நிறக் களர் மண், வெண்ணெய்போல் வழுவழுவென்று, தண்ணீர் இறங்க வழியில்லாமல். வெயில் மேலே இழுக்க இழுக்கக் கீழிருந்த உப்பு நீர் ஏறி, கறுப்பு மண்ணிலும் வெள்ளை பூத்திருந்தது. சொந்தப் பள்ளம் களர் என்பதுகூடத் தெரியாமல் அதன் தலையில் நல்ல மண்ணைக் கொட்டியிருக்கிறான். கறுப்பாக இருந்தால் போதும், பொன் விளையும் என்று நினைப்பு.

வைத்தியம் ஒன்றும் கடினமில்லை. சுற்றி ஆழமாக வடிகால் வெட்ட வேண்டும், ஜிப்சம் போட வேண்டும், மழைநீரைத் தேக்கி உப்பைக் கழுவி வெளியேற்ற வேண்டும். முக்கால்வாசிக் கன்று பிழைத்துவிடும். இது என் நாக்கு நுனிவரை வந்தது.

அண்ணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் பின்னால் ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு குச்சி ஊன்றி, பழைய புடவைக் கிழிசலால் கட்டியிருந்தது. குடத்தில் சுமந்து ஊற்றி வளர்த்தது அவள்தான் என்று தோள்பட்டையைப் பார்த்தாலே தெரிந்தது.

"மண்ணு கெட்டுப்போச்சுண்ணா," என்றேன். "மேல் மண்ணு பூரா விஷம். இந்தக் கோடு வரைக்கும் வழிச்சு வெளிய எடுத்துடணும். விட்டா அடி மண்ணும் போயிடும்."

"எல்லாத்தையுமா?" அண்ணிதான் கேட்டாள். "கன்னெல்லாம்?"

"ஆமா அண்ணி."

"இவ்வளவையும் எங்கடி கொண்டுபோய்க் கொட்றது?" என்றான் அண்ணன்.

கொஞ்சம் யோசிப்பதுபோல் நின்றேன். "என் மேடு சும்மாதானே கிடக்கு. அங்க கொட்டிக்கோங்க. கெட்டுப்போக அதுல என்ன இருக்கு?"

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. என் தோளைத் தட்டி, "நீ அப்பா மாதிரி," என்றான். சிரிப்பை அடக்கக் குழிக்குள் குனிந்துகொண்டேன். அத்தனை சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தன்றுகூட இல்லை.

அவன் வண்டி, அவன் டீசல், அவன் கூலி. மண் வந்தபடி இருந்தது. நான் மேட்டில் நின்று இங்கே கொட்டு, அங்கே கொட்டு என்று கை காட்டினேன். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். உப்புதான். இருக்கட்டும். அடியில் சரளை, நிலமோ சரிவு. மழை வந்தால் உப்பு தானாக இறங்கிப் போய்விடும். பள்ளத்தில் கன்றுகள் வேரோடு குவிந்து கிடந்தன. களர் வெளியே தெரிந்து, காய்ந்து, வெள்ளையாகிக்கொண்டிருந்தது. அந்த மேட்டில் நான் நின்ற நிலை அவனுக்கும் வரவேண்டும் என்று எத்தனை நாள் வேண்டியிருப்பேன். வந்துவிட்டது. பார்த்துப் பார்த்து வயிறு குளிர்ந்தது.

கடைசி வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் அண்ணி உட்கார்ந்து வந்தாள். மடியில் ஒரு எலுமிச்சைக் கன்று, வேரில் மண்ணோடு, புடவைக் கிழிசலும் குச்சியும் அப்படியே.

"இது ஒண்ணுல மட்டும் துளிர் இருக்கு. இங்க வைக்கலாமா?"

"இந்த மண்ணு கெட்டுப்போனதாச்சே அண்ணி," என்றேன்.

அவள் கன்றோடு இறங்கி, வண்டி கொட்டிவிட்டுத் திரும்பிப் போகும்வரை காத்திருந்தாள். அப்புறம் சொன்னாள்:

"எங்க தெற்கு வரப்புக்காரர் நிலமும் இப்படித்தான் இருந்துச்சு. சுத்தி வாய்க்கால் வெட்டி ஜிப்சம் போட்டாரு. அடுத்த வருஷமே தழைஞ்சிருச்சு. உங்க அண்ணனுக்கும் அவருக்கும் பேச்சு வார்த்தை இல்ல, அதனால இவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

நான் கன்றின் துளிரைப் பார்த்தேன்.

"நீ ஆஸ்பத்திரில இருந்தப்ப இங்க மெஷின் வந்துச்சு பாரு, அன்னிக்கு நான் அதோ அங்கதான் நின்னேன். மாமா உனக்குன்னு சொன்ன மண்ணுன்னு தெரியும். வாயைத் திறக்கல." கன்றை இடுப்பிலிருந்து இறக்கினாள். "இப்பவும் திறக்கல."

அவளைத் திட்ட வேண்டும் என்றுதான் வந்தது. அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன என்று கேட்க வேண்டும் என்றும் வந்தது. அவளோ புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மண்வெட்டி கேட்கவில்லை. கையாலேயே பறிக்கத் தொடங்கினாள்.

கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு எதிரில் உட்கார்ந்து நானும் பறித்தேன். முழங்கைவரை கை போயிற்று. பள்ளத்திலிருந்து அண்ணன் ஏதோ கூப்பிடுவது கேட்டது. அண்ணி நிமிரவில்லை. வெயிலில் அவள் கையில் ஈரம் காயக் காய, விரல் இடுக்குகளில் மெல்ல வெள்ளை பூத்துக்கொண்டிருந்தது. என் கையிலும்.