சிவப்புச் சட்டை போட்டிருக்கும்போது பேசக்கூடாது

எங்கள் ஆஸ்பத்திரி மருந்தாளுநருக்கு நாங்கள் வைத்த பெயர் கோட்டான். மருந்தைப் பற்றி என்றால் மணிக்கணக்கில் பேசுவான். மற்றதையெல்லாம் மென்று விழுங்கிவிடுவான். நான் தலைமை நர்ஸாக இருக்கும் வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தியை அவனுக்குப் பிடிக்கும் என்பது கட்டிலில் கிடந்த அத்தனை பேருக்கும் தெரியும். அவளிடம் மட்டும் அவன் சொன்னதில்லை.

ஒருநாள் அவள் மருந்து அளந்துகொண்டிருந்தபோது ஒருவர் தலையணை கேட்டார், இன்னொருவர் லிஃப்ட் எங்கே என்றார், நானே போய்ச் சாவி எங்கே என்று கேட்டேன். பக்கத்துக் கட்டிலுக்கான மருந்தை எடுத்துவிட்டாள். கொடுப்பதற்கு முன் அவளே கவனித்துவிட்டாள். ஆனாலும் மேலிடம் அவள்மேல் பாய்ந்தது. கோட்டான்தான் குறுக்கே விழுந்தான். சில நாள் மூலையில் நின்று, மருந்து எடுக்கும்போது யார் யார் வந்து அவளைப் பிடுங்குகிறார்கள் என்று பார்த்தான்.

"இப்படிப் பிடுங்கினா யார் எடுத்தாலும் தப்பு வரும். ஆளைத் திட்டாதீங்க, வேலை நடக்கிற விதத்தை மாத்துங்க" என்றான்.

அசப்பில் ஒன்றுபோல் இருந்த இரண்டு புட்டிகளை வேறு வேறு அலமாரிக்குத் துரத்தினான். மருந்து எடுப்பவர் சிவப்புச் சட்டை ஒன்றை மேலே மாட்டிக்கொள்ள வேண்டும், அதைக் கழற்றும்வரை அவரிடம் மருந்தைத் தவிர வேறு பேச்சே கூடாது என்று விதி போட்டான்.

விதி ஜோராக ஓடியது. கதவோரக் கட்டிலில் இருந்த ரிடையர்டு பஸ் கண்டக்டர் காவல் வேலையைத் தானாகவே ஏற்றுக்கொண்டார். பெரிய டாக்டர் வந்து பேனா கேட்டபோது, "சார், சட்டை தெரியலையா? பின்னாடி போங்க, பின்னாடி போங்க" என்றார். பெரிய டாக்டரும் பின்னாடி போனார். கணக்குப் பிரிவு ஆள் என்னைத் தேடி வந்தால் நானும் அதை மாட்டிக்கொண்டு நிற்பதுண்டு. வெளியே சொல்லிவிடாதீர்கள்.

நேற்று மத்தியானம் அவள் என்னிடம் வந்தாள்.

"அக்கா, ஒரு வரன் வந்திருக்கு. ஷிஃப்ட் முடியறதுக்குள்ள நான் ஒண்ணும் சொல்லலன்னா, அம்மா அவங்களுக்குப் போன் பண்ணி சரின்னு சொல்லிடுவாங்க."

"உனக்குப் பிடிச்சிருக்காடி?"

"வேண்டாம்னு சொல்ல ஒரு காரணம் கிடைக்கல. யாராவது வாயைத் திறந்தாத்தானே கிடைக்கும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருந்தகத்துக்குப் போன் போட்டு, "தம்பி, இன்னைக்கு விட்டா அவ்வளவுதான்" என்று விஷயத்தைச் சொன்னேன். படியேறி ஓடிவந்தான். வந்து நின்றால், அவள் சிவப்புச் சட்டையில் இருக்கிறாள்! கண்டக்டருக்கு இன்சுலின் எடுக்கிற நேரம்.

அவன் வாயைத் திறந்தான். "தம்பி! சட்டை!" என்று அதட்டினார் கண்டக்டர். அவன் வாயை மூடினான். கடிகாரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தான் போட்ட விதி சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்தான். சிரிப்பை அடக்க நான் படுக்கை விரிப்பைக் கடிக்க வேண்டியிருந்தது.

"நல்லவேளை வந்தீங்க. அளவைச் சரிபாருங்க" என்றாள் அவள். இன்சுலின் என்றால் இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, பிறகுதான் ஒப்பிட வேண்டும். அதுவும் அவன் போட்ட விதிதான். இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி எழுதினார்கள்.

அவளுக்கு ஆறு. அவனுக்கு அறுபது.

"என்னது, அறுபதா?" கண்டக்டர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

கோட்டானின் முகம் வெளுத்துவிட்டது. "தப்பு என்னுதுதான். நான் இப்போ சரிபார்க்கிற நிலைமையில இல்ல. வேற யாரையாவது கூப்பிடுங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"அது... நீங்க சட்டையைக் கழட்டினாத்தான் சொல்ல முடியும்."

"மருந்தைப் பத்தினதுன்னா இப்பவே சொல்லலாம்."

அவன் நேர்மையாக யோசித்தான். அந்த நேரத்திலும் யோசித்தான், பாவி!

"கணக்கு தப்பினதுக்குக் காரணமே அதுதான்."

"அப்போ சொல்லுங்க."

"உங்க அம்மா அந்தப் போனைப் பண்ணக்கூடாது. உங்களை நான்... எனக்கு உங்களைக் கல்யாணம் பண்ணிக்கணும்."

அவள் கன்னம் சட்டையின் நிறத்துக்கு வந்துவிட்டது. ஆனால் சட்டையைக் கழற்றவில்லை.

"அக்கா, நீங்க ஒரு தடவை கணக்குப் போடுங்க."

போட்டேன். ஆறுதான் வந்தது. ஊசியைப் போட்டுவிட்டு, கை கழுவி, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான் போனை எடுத்தாள். எனக்கு உயிர் போய் வந்தது.

"அம்மா, அவங்ககிட்ட வேண்டாம்னு சொல்லிடுங்க. ஆமா, இங்க ஒருத்தர் இருக்கார்." அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கணக்குல சுமார்தான்மா. ஆனா தப்புப் பண்ணினா உடனே ஒத்துக்கிறார்."