நிறுத்திய மாத்திரை

என் தம்பியும் நானும் ஒரு குளிர்பதனக் கிடங்கில் ஜெனரேட்டர் ஆபரேட்டர்கள். கரன்ட் போனதும் தம்பி ஒரு முறை முறைத்தால் போதும், ஜெனரேட்டர் பயந்துபோய்த் தானாகவே ஓடத் தொடங்கும். கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன். அப்படிப்பட்டவனுக்கு ஒருநாள் டீசல் கேனைத் தூக்க முடியவில்லை. கேன் காலியாகத்தான் இருந்தது.

ஹெபடைடிஸ் பி வைரஸ் ஈரலில் குடியேறிப் பல வருடம் ஆகிறது என்றார் டாக்டரம்மா.

"செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு குட்டிக் குட்டி பவர் ஹவுஸ் இருக்கு. இந்த வைரஸ் அதைத் துண்டு துண்டா உடைக்குது. உடைஞ்சதை அந்த செல்லே தின்னுற மாதிரி பண்ணுது."

"அப்போ செல் செத்துடாதா?" என்றேன்.

"லேசுல சாக விடாது. செத்தா அது எங்க குடியிருக்கும்?"

"சாகவும் விடாம, வாழவும் விடாம... அப்படியே எங்க சூப்பர்வைசர்தான்," என்றான் தம்பி.

தினம் ஒரு மாத்திரை. தன்னைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது என்றார். ஏழாவது மாதம் தம்பி இரண்டு கையிலும் நிறைந்த கேன்களைத் தூக்கிக்கொண்டு, மூன்றாவதைத் தலையில் வைக்கச் சொன்னான். வைத்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கரன்ட் வந்து நிலைத்துவிட்டால் ஜெனரேட்டரை அணைத்துவிட வேண்டும். வீணாக ஓட்டினால் திட்டு விழும்.

"கரன்ட்தான் வந்துடுச்சேடா, இன்னும் எதுக்கு ஜெனரேட்டர்?" என்று மாத்திரை டப்பாவைக் காட்டினேன். அவனும் ஆபரேட்டர் அல்லவா, சட்டென்று புரிந்துகொண்டான்.

மூன்று மாதத்தில் கண் மஞ்சளானது. பிறகு உடம்பு முழுவதும். வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் விளக்கை அணைக்கச் சொன்னார். விளக்கு எரியவில்லை, படுத்திருந்தது என் தம்பி.

"அடங்கிக் கிடந்த வைரஸ் மொத்தமா எழும்பிடுச்சு. ஈரல் வேலை செய்யல. மாற்று ஈரல் கிடைக்கிற வரைக்கும் தாங்குவாரான்னு..." டாக்டரம்மா முடிக்காமலே போய்விட்டார்.

தம்பி மனைவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "மாத்திரையை நிறுத்தச் சொன்ன பாவி யாருங்க?"

தம்பி கண்ணைத் திறக்கவில்லை. "யாரும் இல்ல. நானாத்தான்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "கூடவேதானே இருந்தீங்க மாமா? 'ஏன்டா நிறுத்துற'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

இந்த வயதுவரை எத்தனையோ புளுகு அவிழ்த்துவிட்டவன் நான். அன்று ஒரே ஒரு உண்மையைச் சொல்ல வரவில்லை. தம்பியின் கை என் மணிக்கட்டைத் தேடி வந்து பிடித்தது. அழுத்தத் தெம்பில்லை.

"கேட்டிருக்கணும்மா," என்றேன்.