எல்லா விளக்கிலும் நின்ற கப்பல்

இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் மூக்குக் கண்ணாடி மேல் ஆணையாகச் சொல்கிறேன். அது இல்லாமல் எனக்கு எதிரே இருப்பது ஆளா கதவா என்று தெரியாது. ஆகவே இதைவிடப் பெரிய சத்தியம் என்னிடம் இல்லை.

நான் முப்பத்து நான்கு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவன். ஓய்வு பெற்ற பிறகு விண்கலம் ஓட்டினேன், ஒரே ஒரு தடவை. அதற்காக மூன்று பேருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

முதல் ஆள் என் மருமகள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. பகலெல்லாம் ஊரார் கையில் ஊசி குத்திவிட்டு, சாயங்காலம் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரில் விண்வெளிக் கப்பல் பந்தயம் ஓட்டுவாள். பல தேசத்து ஆட்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடும் ஆட்டம் அது. கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு இந்த ஊரில் ஈ காக்கையைக்கூடத் தெரியாது. அந்த ஆட்டத்துக்குள் போய்த்தான் ஆட்களைப் பிடித்தாள். ஒரு பல் டாக்டர், ஒரு கோழிப்பண்ணைக்காரர், கூடத் தன் சித்தி மகள். நான்கு பேரும் ஓர் அணி. ஆடும்போது மைக்கில் பேசிக்கொள்வார்கள்; பண்ணைக்காரர் வாயைத் திறந்தால் முதலில் கோழிதான் பேசும். மூன்று வருஷத்தில் அந்த இருவரையும் அவள் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் எனக்குக் காய்ச்சல் என்றால் இருவரும் விசாரிப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்களுக்குக் கடைசிப் பந்தயம். மணி அடிப்பதற்குள் அணியின் நான்கு கப்பலும் எல்லைக்கோட்டைத் தாண்ட வேண்டும். ஒன்று பிந்தினாலும் அணியையே கலைத்துவிடுவார்கள். கப்பலைக் கிளப்ப ஆள் உட்கார்ந்து பொத்தானை அழுத்தியாக வேண்டும். பந்தயத்துக்கு அரை மணி இருக்கும்போது சித்தி மகளுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது.

மருமகள் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் கதவருகே நின்று, ஸ்டியரிங் உண்டா என்று கேட்டேன்.

இருந்தது. அவள் பிறந்தநாளுக்கு என் மகன் வாங்கித் தந்தது. அவளுக்குக் கீபோர்டுதான் பழக்கம் என்பதால் பெட்டி பிரிக்காமல் அலமாரி மேல் கிடந்தது. மகனின் லேப்டாப்பை இஸ்திரி மேஜையில் எனக்காகத் திறந்து வைத்தாள். ஸ்டியரிங்கை நான்தான் பூட்டினேன். தன் வண்டியைத் தானே சரிபார்க்காத டிரைவர் டிரைவரே இல்லை. நான்கு திருகையும் மேஜை முனகும்வரை இறுக்கினேன்.

"மாமா, ஒண்ணு மட்டும் நல்லாக் கேட்டுக்கோங்க," என்றாள். "யாரும் ஓட்டலைன்னா கப்பல் தானாவே போகும். வழி காட்டுற ஒவ்வொரு விளக்குகிட்டயும் நின்னு நின்னு போகும். வழியில யாராவது மாட்டிக்கிட்டிருந்தா கயிறு போட்டு இழுத்துட்டு வேற வரும். அப்படிப் போனா மணி அடிச்சிரும். அதனால கையை எடுக்காதீங்க."

முப்பத்து நான்கு வருஷத்தில் ஸ்டியரிங்கிலிருந்து நான் கையை எடுத்தது ஒரே ஒரு கொசுவுக்காகத்தான் என்று அவளிடம் சொன்னேன்.

லேப்டாப்பில் அவள் காட்டிய பொத்தானை அழுத்தினேன். நாற்பது கப்பல்கள் கிளம்பின. வண்டி வெண்ணெய். நான் திருப்புவதற்கு முன்பே திரும்பியது, அவ்வளவு நல்ல தயாரிப்பு. முதல் விளக்கு வந்தது, நின்றேன். நிறுத்தம் என்று ஒன்றைக் கண்டுவிட்டால் நிற்காமல் போக எனக்கு வராது.

"அங்கிள், ஏன் நிக்கிறீங்க?" என்றார் பல் டாக்டர்.

"யாராவது ஏறுவாங்க."

கோழிகள் சிரித்தன. இரண்டாவது விளக்கில் நிற்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, ஸ்டியரிங்கோடு வந்த பெடலை மிதித்தேன். அங்கும் நின்றது. முப்பத்து நான்கு வருஷப் பழக்கம் லேசுப்பட்டதா?

வளையம் போட்ட கிரகத்தைச் சுற்றும்போது வேகம் தாளாமல் வீடே ஒரு பக்கம் சாய்ந்தது. மேஜையிலிருந்த தண்ணீர்ச் செம்பு தானாக நகர்ந்து சன்னல் வரை போனது. என் மீசையின் இடது பாதி அன்று சாய்ந்ததுதான், இன்னும் நிமிரவில்லை. சூரியனை ஒட்டிப் போனதில், பின்னால் கொடியில் கிடந்த ஈரத்துண்டு மொறமொறவென்று காய்ந்துவிட்டது. என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "சோறு போடவா, இல்ல போற வழியில ஏதாவது கிரகத்துல சாப்பிட்டுக்கிறீங்களா?" என்றாள். அவளுக்கு வேகம் புரியாது.

ஏழாவது விளக்கருகே ஒரு சிவப்புக் கப்பல் பாறையில் மோதி, விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றது. அதுவரை முதலாவதாக வந்த ஆள். மற்ற எல்லோரும் அவனைத் தாண்டிப் போய்விட்டார்கள். நான் நின்று கயிறு போட்டேன்.

"மாமா, அது எதிரணி."

"இருக்கட்டும்மா. கை காட்டினவங்களை விட்டுட்டுப் போனா எனக்குச் சோறு இறங்காது."

இழுத்த இழுப்பில் அவன் எஞ்சின் உயிர் பிடித்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் பறந்துவிட்டான். எங்கள் மூன்று கப்பலும் கோட்டைத் தாண்டிவிட்டன. எனக்கு இன்னும் இரண்டு விளக்கு பாக்கி. மணி அடிக்க ஒரு நிமிஷம். பண்ணையில் கோழிகூடப் பேசவில்லை.

மருமகள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "பரவால்ல மாமா. எனக்காக வந்து உக்காந்தீங்களே, அதுவே போதும்," என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்போது கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் அந்தச் சிவப்புக் கப்பல் திரும்பியது. என் பின்னால் வந்து மூக்கை முட்டுக்கொடுத்துத் தள்ளியது. கடைசி இரண்டு விளக்கிலும் என் வண்டி நிற்கவில்லை. நிற்காமல் போனது என் வாழ்க்கையிலேயே அன்றுதான். மணி அடிக்க ஒரு வினாடி இருக்கும்போது இருவரும் கோட்டைத் தாண்டினோம். எனக்கு முப்பத்தொன்பதாம் இடம், அவனுக்கு நாற்பது. கோப்பை அவனுக்குப் பாறையிலேயே போயிருந்தது. அணி பிழைத்தது எங்களுக்கு.

நன்றி சொல்லி மருமகள் எழுதினாள். பதில் ஒரே வரியில் வந்தது: "அவர் மட்டும்தான் நின்னார்."

அதைப் படித்துவிட்டு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதே நேரத்தில் சித்தி மகளுக்குப் பெண் குழந்தை பிறந்ததாகச் செய்தி. டாக்டர் அழுதார். கோழிகளைப் பற்றித் தெரியவில்லை.

அந்தச் சிவப்புக் கப்பல்காரன் எந்த ஊர், ஆணா பெண்ணா, எனக்குத் தெரியாது. நல்லா இருக்கட்டும். மருமகள் நூறு வருஷம் இருக்கட்டும். மூன்றாவது நன்றி அந்த ஸ்டியரிங்குக்கு. அது மட்டும் ஒத்துழைக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஞாயிறுதோறும் அதை நானே துடைத்து வைக்கிறேன்.

நேற்றும் துடைத்தேன். லேப்டாப்பில் செருக வேண்டிய அதன் வயர், கம்பெனியில் போட்ட ரப்பர் பேண்டுகூடக் கழற்றாமல், அடியில் சுருண்டு கிடக்கிறது.